எண்ணெய்த் துணி

அந்த பேக்கரியில் ரொட்டி டின்களைக் கழுவக் கூடாது. யாராவது ஒரு டின்னைக் குழாயடிக்கு எடுத்துப் போவதைப் பார்த்தால் போதும், முதலாளிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். அடுப்பிலிருந்து இறங்கிய டின்னைச் சூடு ஆறுவதற்குள் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு எண்ணெய்த் துணியை உள்ளே விட்டு ஒரு சுற்று. அவ்வளவுதான் அதற்கு உபசாரம். வருடக்கணக்காக எண்ணெய் காய்ந்து காய்ந்து உள்பக்கம் தார் பூசியதுபோல் கறுத்துக் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தக் கறுப்பு இருப்பதால்தான் டின்னைக் கவிழ்த்துத் தட்டியதும் ரொட்டி முழுசாக வந்து விழுகிறது.

இன்றைக்கு அந்த டின்களை, அவற்றைத் துடைக்கும் வேலையிலிருக்கும் அவளைவிட அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்? முதல் நாள், மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையில் டின்கள் மொத்தத்தையும் குழாயடியில் குவித்து, சோடா உப்பும் கம்பி நாருமாக உட்கார்ந்து தேய்த்துத் தள்ளிவிட்டாள். முகம் பார்க்கலாம், அப்படி மின்னின. அடுத்து அடுப்பேற்றியதில் ஒரு ரொட்டிகூட உருப்படியாக வரவில்லை. மேல்பாதி கையோடு வந்தது, கீழ்ப்பாதி டின்னோடு நின்றுகொண்டது. முதலாளி போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

"நான்தான் கழுவச் சொன்னேன்" என்றது மாவு மேசையிலிருந்து ஒரு குரல். ரொட்டி மாஸ்டரின் குரல். அப்படி அவர் சொல்லவே இல்லை என்பது முதலாளிக்கும் தெரியும். ஆனால் மாஸ்டரைப் பகைத்துக்கொண்டு எந்த முதலாளி கடை நடத்த முடியும்? முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். மாஸ்டர் ஒரு எண்ணெய்த் துணியைச் சுருட்டி அவள் கையில் வைத்தார்.

"நடுவுல ஒட்டாது. மூலையிலதான் கவ்விக்கும். மூலையை மட்டும் விட்டுடாதே."

அன்றிலிருந்து பேக்கரியில் அவளுக்குப் பெயர் பளபளா. தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பள நாளில்கூட யாருக்கும் நினைவு வருவதில்லை. அந்த வருடமே மாஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டார். ஊரே பளபளா என்று கூப்பிட்டபோதும் அவர் மட்டும் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அதை அவள் வெளியில் சொல்லிக்கொள்ளாமல் மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

மாஸ்டருக்குத் தோல் வியாதி வந்தது கலியாணத்துக்குப் பிறகுதான். முழங்கையில் சின்னதாகச் சிவந்து, தடித்து, மீன் செதில்போல் வெள்ளையாக உதிர ஆரம்பித்தது. பிறகு முழங்கால், முதுகு, கடைசியில் கைகள். ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர்கள் அடித்துச் சொன்னார்கள். டாக்டர் சொல்லி ஊர் வாயை மூட முடியுமா? ஒருநாள் ரொட்டி வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்த நேரத்தில் மாஸ்டர் மாவுக்கு மேலாக முழங்கையைச் சொறிந்துவிட்டார்.

"மாஸ்டர், இது ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி. "வாங்குறவனுக்குத் தெரியணுமே. மாவு மேல விழுறது மாவா தோலான்னு அவன் பூதக்கண்ணாடி வெச்சா பார்ப்பான்?"

மேசைக்கு வேறு ஆள் வந்தான். மாஸ்டர் அடுப்படிக்கும் மைதா மூட்டைகளுக்கும் போனார். மாஸ்டர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்புச் சூட்டில் தோல் இன்னும் மோசமாக வெடித்தது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவள் களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்காருவாள்.

"டின்னுக்குப் போடுற மாதிரியே போடுறியே."

"டின்னு சொன்ன பேச்சு கேக்கும். நீங்க நெளியிறீங்க."

காலையில் எழுந்ததும் படுக்கை விரிப்பைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் உதறிவிடுவாள். மாஸ்டரின் அக்கா எழுந்து பார்ப்பதற்குள் உதறிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. அவள் அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்காவுக்குத் தெரியாதது அந்த வீட்டில் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பழைய செய்தித்தாளைக் கிழித்து பேக்கரிக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருப்பாள். கை பசையில் இருக்கும், கண் வீடு முழுக்க இருக்கும். குழந்தை இல்லாத அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது அவள் வாய் ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் புது ஊசி வந்திருக்கிறது, இலவசமாகவே போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாஸ்டரை நச்சரித்து அழைத்துப்போனது அவள்தான். மாதம் ஒரு ஊசி. முதலில் அரிப்பு நின்றது. பிறகு செதில் நின்றது. கொஞ்ச நாளில் தோல், மழை கழுவிய தரைபோல் ஆகிவிட்டது. மாஸ்டர் பெட்டியின் அடியில் கிடந்த அரைக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் தேவையே இல்லாமல் இரண்டு முறை நடந்துவிட்டு வந்தார். முதலாளி அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே மேசை உங்களுதுதான் மாஸ்டர்."

அவர் மறுபடி மாவில் கை வைத்ததை அவள் டின் அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்தாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மாவைத் தள்ளி, மடித்து, கால் சுற்றுத் திருப்பி மறுபடி தள்ளுவார். விரலால் அமுக்கினால் மாவு மெதுவாக எழும்பும்; அப்போது தலையை லேசாக ஆட்டுவார். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. களிம்பு டப்பா அலமாரியில் தூசி பிடித்தது. விரிப்பை உதற வேண்டிய வேலையும் இல்லாமல் போனது.

அந்தச் சந்தோஷத்துக்கு யார் கண் பட்டதோ, மாஸ்டருக்கு வயிற்றுக் கோளாறு ஆரம்பித்தது.

முதலில் சும்மா ஒரு வலி. பிறகு சாப்பிட்டவுடன் ஓட வேண்டியிருந்தது.

"உன் புருஷன் கக்கூஸை வாடகைக்கு எடுத்துட்டானா?" என்று கேட்டாள் அண்ணி. "நான் எப்பப் போனாலும் உள்ள ஆள் இருக்கு."

"வெந்தும் வேகாததுமா ரொட்டியைப் பிச்சுப் பிச்சுத் தின்னா அப்படித்தான் அண்ணி ஆகும்."

"அவன் எங்க தின்னான்? ரெண்டு ரஸ்க்கை டீயில நனைச்சு அதையும் பாதியில வெச்சுட்டுப் போறான்."

உண்மைதான். வேலைக்குக் கட்டும் முன்கட்டுத் துணியின் நாடா முன்பு ஒரு சுற்றுக்கே போதாது. இப்போது இரண்டு சுற்று வந்தது. ஒருநாள் அவருக்குப் பின்னால் கழிப்பறைக்குப் போனவள் பீங்கானில் ரத்தத்தைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றியும் முழுசாகப் போகாமல் ஓரத்தில் நின்றிருந்தது.

"எத்தனை நாளா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"என்னங்க, கேக்குறேன்ல."

"மூலமா இருக்கும். நின்னு நின்னு வேலை செய்றவனுக்கு வர்றதுதானே."

"மூலத்துக்கு ஆள் இப்படி உருகுமா? நாளைக்கு ஊசிக்குப் போறோம்ல, டாக்டர்கிட்ட சொல்லிடலாம்."

"சொன்னா ஊசியை நிறுத்திடுவாங்க." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். செதில் இல்லாத கை. "அங்க வயிறு எப்படி இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறாங்க, கவனிச்சியா? எதுக்குக் கேக்குறாங்க? நிறுத்தத்தான். மறுபடியும் மூட்டை தூக்கச் சொல்றியா? எல்லாரும் என் கையைப் பார்த்துட்டுக் காசைக் கையில தராம தட்டுல வெச்சுட்டுப் போவாங்களே, அது மறந்துபோச்சா உனக்கு?"

அவளுக்கு மறக்கவில்லை. மறுநாள் ஊசி போடும் அறையில் நர்ஸ் தலையைத் தூக்காமலே கேட்டாள். "காய்ச்சல் இருக்கா? இருமல்? வயிறு எப்படி இருக்கு?"

மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவள் நாக்கு தானாகப் புரண்டது.

"அவருக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

நர்ஸ் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். ஊசி ஏறியது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தாலே அவளுக்கு இப்போதும் வயிறு எரியும். விடாத மழை. ஈர விறகு புகைந்து பேக்கரி முழுக்கக் கண் எரிச்சல். குளிரில் மாவு பொங்க மறுத்தது. மாஸ்டர் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் பிசைந்தார். வலி வரும்போது நிறுத்தி, மாவு பதம் பார்ப்பவர்போல் குனிந்து நிற்பார். மற்றவர்கள் நம்பினார்கள். அவள் டின்னைத் துடைத்துக்கொண்டே அவர் நெற்றியில் வியர்வை பூப்பதைப் பார்த்தாள். கண்ணாடிபோல் சுத்தமான கைகள், அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு முகம். இரவெல்லாம் உடம்பு கொதித்தது. "மழைக்காய்ச்சல்" என்றார். வாயைத் திறந்து யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்று அவளையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஊசி நாள் வந்தது. அதே அறை, அதே நர்ஸ், அதே கேள்வி.

"கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று இந்த முறை மாஸ்டரே சொன்னார். சொல்லும்போது நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நர்ஸ் மருந்தை எடுத்துப் பிரித்தாள். நர்ஸ் கையிலிருந்த ஊசியை அவள் பார்த்தாள். வயிற்றில் ஊசி போட அவர் சட்டையைத் தூக்குவதைப் பார்த்தாள். இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"ரத்தமா போகுது சிஸ்டர்" என்றாள். "ஒரு மாசத்துக்கு மேலயே போகுது. ராத்திரியில காய்ச்சல் அடிக்குது. போன தடவை நான் சொன்னது பொய்."

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உன் வேலையைக் காட்டிட்டியே, பளபளா."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். குடல் ஓரிடத்தில் புண்ணாகி, ஓட்டை விழுந்து, பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அறுவை முடிந்த பிறகு குடல் டாக்டர் அவளையும் அண்ணியையும் உட்காரவைத்துப் பேசினாள். சின்ன வயதுதான், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"உடம்புல செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும்மா. அதுல ஒரு சேதி இவர் தோல்ல ஓயாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் தடிச்சுத் தடிச்சு உதிர்ந்துச்சு. இந்த ஊசி அந்தச் சேதியைத் தடுத்துடும். தோல் அமைதியாயிடும்."

"ஆமா, ஆயிடுச்சே" என்றாள் அவள்.

"ஆனா அதே சேதிதான் குடலுக்குக் காவல். குடலோட உள்தோல் ஒத்தை வரிசை செல்லுதான். அவ்வளவு மெல்லிசு. அதுக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்குல கிருமி. எங்கயாவது சின்னதாக் கீறினா, இங்க விட்டுப்போச்சு, நெருங்கி நில்லுங்க, அடைச்சு மூடுங்கன்னு சொல்றது அந்தச் சேதி. நாம அதைத் தோல்ல மட்டும் நிறுத்த முடியாது. உடம்பு முழுக்க நின்னுபோச்சு. புண் பட்ட இடம் பட்டபடியே கிடந்துச்சு."

"அப்போ ஊசி போட்டவங்க எல்லாருக்கும் இப்படியா?"

"இல்ல. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். குடல்ல இந்த நோய் முன்னாடியே சத்தமில்லாம இருந்தா, அவங்களுக்கு இது தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும். குடும்பத்துல யாருக்காவது குடல் கோளாறு இருந்துச்சா? ஊசிக்கு முன்னாடி கேட்டிருப்பாங்களே."

"எங்கப்பா அப்படித்தான் போனாரு" என்றாள் அண்ணி. "ரத்தமாப் போயி, எலும்பும் தோலுமா ஆகி. அப்ப தம்பி கைக்குழந்தை, அவனுக்கு என்ன தெரியும்? என்னை யார் கேட்டா? நான் பை ஒட்டுறவதானே."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "வயித்தைப் பத்தி ஒவ்வொரு தடவையும் கேக்கச் சொல்லியிருக்கு. ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மருந்துலயே அடக்கியிருக்கலாம். கத்தி வெச்சிருக்க வேண்டியிருக்காது." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இப்ப ஆபத்து தாண்டியாச்சும்மா. குடல் ஆறட்டும், அப்புறம் தோலுக்கு வேற வழி பார்ப்போம். அதுவரைக்கும் செதில் திரும்ப வரும். பொறுத்துக்கணும். மூட்டை தூக்குறது, மாவு பிசையுறது ரெண்டும் ரொம்ப நாளைக்குக் கூடாது."

அவள் வெளியே நடையில் வந்து நின்றாள். மின்னிய டின்களும் பாதியாகப் பிய்ந்த ரொட்டிகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"மறுபடியும் கழுவிட்டேன் அண்ணி" என்றாள். "கறையைத் தேய்ச்சு எடுக்குறேன்னு நல்லதையும் சேர்த்துக் கழுவிட்டேன்."

அண்ணிக்கு அது புரிந்ததோ என்னவோ. பசை காய்ந்த கையால் அவள் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளாக அண்ணி அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்த மாஸ்டர் அவளிடம் பேசவில்லை. தண்ணீர்க் குடம் அவள் பக்கத்தில் இருக்கும். "அக்கா, கொஞ்சம் தண்ணி தரச் சொல்லு" என்பார். "பசிக்கலைன்னு சொல்லு" என்பார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று ஒருநாள் அண்ணி பசைக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "அவ சொல்லலைன்னா இந்நேரம் உன்னைப் பத்தி யார்கிட்ட நான் சேதி சொல்லிட்டிருப்பேன்? யோசிச்சுப் பாருடா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதலாளி ஒரு மாலை ரொட்டியோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், விறகு கிடைக்காததைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போது, "உடம்பைத் தேத்துங்க அண்ணே, அப்புறம் பார்க்கலாம்" என்றார். மாஸ்டர் என்று சொல்லவில்லை. அதை மூன்று பேரும் கவனித்தார்கள். முதலாளி போன பிறகு அந்த ரொட்டியை யாரும் வெகுநேரம் தொடவில்லை. கடைசியில் அவள்தான் மேலோட்டை அறுத்து எடுத்துவிட்டு, நடுவிலிருக்கும் மிருதுவான பாகத்தை மட்டும் பாலில் நனைத்து அவருக்குக் கொடுத்தாள். புது மாஸ்டரின் கை. உப்பு ஒரு பிடி தூக்கலாக இருந்தது. அவர் அதை விழுங்கினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் விரிப்பை மடிக்கப் போனவள் அப்படியே நின்றாள். அவர் முழங்கை கிடந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அருவருப்பு வரவில்லை, முதலில் நிம்மதிதான் வந்தது. ஊசி உடம்பை விட்டு இறங்கிவிட்டது. உள்ளே நின்றுபோயிருந்த காவல் மறுபடி எழுந்து நடமாட ஆரம்பித்திருக்கும். அடுத்த நொடியே, மேசையில் மாவை அமுக்கிப் பார்த்து அவர் தலையாட்டுவது நினைவுக்கு வந்தது. இனி அது இல்லை என்பதும் வந்தது. விரிப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். உதற மனம் வராமல் அதை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு மழைச்சாரலில் நின்று அழுதாள்.

அன்று மாலை களிம்பு டப்பாவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் முழங்கையை இழுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

அவள் கையை நீட்டவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நான் சொன்னதுக்குத்தானே கோவம். சொன்னதுக்கு நான் வருத்தப்படல. முதல் தடவை சொல்லாம விட்டேன் பாருங்க, அதுதான் என்னைத் தின்னுது. நீங்க கையைப் பிடிச்சீங்கன்னு நான் பொய் சொல்லல. எனக்கும் அந்தத் தோல் பிடிச்சிருந்துச்சு. விரிப்பு உதறாம விடியுறது பிடிச்சிருந்துச்சு. அந்த ஆசைக்குத்தான் உங்க குடல்ல ஒரு சாண் கொடுத்துட்டேன்."

உள்ளறையில் அண்ணி தாள் கிழிக்கும் சத்தம் நின்றது. ஓட்டிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான் பிடிச்சிருந்துச்சு" என்றார் அவர். அக்காவைக் கூப்பிடாமல், நேராக அவளிடம் சொன்னார்.

பிறகு சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டி முழங்கையைப் பின்னால் நீட்டினார். சதை வற்றி எலும்பாக இருந்தது அந்தக் கை. அவள் விரலில் களிம்பை எடுத்து, செதில் கட்டிய இடத்தைச் சுற்றி, டின்னுக்குள் துணி விடுகிற அதே சுற்றாகத் தடவினாள். கண்ணில் நீர் நின்றதால் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"மூலையை விட்டுட்டே" என்றார் அவர்.

அவள் முழங்கையின் மடிப்புக்குள் விரலை விட்டு இன்னொரு முறை தடவினாள்.